உலகச் செய்திக்குச் சந்தா கட்டுவது யார்?

1930-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் தேதி, குஜராத்தின் கடலோரத்தில் தராசனா என்னும் சிற்றூரிலுள்ள சர்க்கார் உப்பளத்தை நோக்கி, சரோஜினி நாயுடு அம்மையார் வழிநடத்த, காந்தியடிகளின் புதல்வர் மணிலால் முன்வரிசையில் நிற்க, ஏறக்குறைய 2,500 சத்தியாக்கிரகிகள் அணியணியாக நடந்து சென்றபோது, அந்தக் காட்சியைக் கண்ணால் கண்டு அயல்நாட்டுப் பத்திரிகைகளுக்கு எழுதக்கூடியவராக அங்கே இருந்தவர் ஒரே ஒரு வெளிநாட்டு நிருபர்தான். வெப் மில்லர் என்பது அவர் பெயர். யுனைடெட் பிரஸ் என்னும் அமெரிக்கச் செய்தி ஸ்தாபனத்தின் ஊழியர். முதல் அணியினர் வேலியை நெருங்கியதும் இரும்புப் பூணிட்ட தடிகள் அவர்கள் தலைமேல் இறங்கின. விழுந்தவர்களைத் தூக்கிச் சென்றதும் அடுத்த அணி, அடியைத் தடுக்கக் கையைக்கூட உயர்த்தாமல், அதே இடத்திற்கு நடந்து வந்தது. பின்னர், தற்காலிக ஆஸ்பத்திரியாக அமைந்த கொட்டகைக்குச் சென்ற மில்லர், தரையில் வரிசையாகக் கிடந்தவர்களை எண்ணினார். காயம்பட்டவர்கள் 320 பேர், இருவர் இறந்திருந்தனர். வருணனையைக் காட்டிலும் அந்த எண்ணிக்கைதான் பின்னால் அதிகமாகப் பலித்தது என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் வருணனையை மிகையென்று தள்ளிவிடலாம், எண்ணி எழுதியவனை அவ்வளவு எளிதில் பொய்யனாக்க முடியாது.

அவர் கொடுத்த தந்திகளை இந்தியாவிலிருந்த அதிகாரிகள் முதலில் போகவிடவில்லை. தணிக்கை நடக்கிறது என்பதையே உலகறியச் செய்துவிடுவதாக அவர் பயமுறுத்திய பிறகுதான் செய்தி கம்பியில் ஏறியது. ஏறியதோ இல்லையோ, உலகெங்கும் 1,350 பத்திரிகைகளில் அது பிரசுரமாயிற்று. அமெரிக்க செனட் சபையில் பிளெய்ன் என்ற உறுப்பினர் அதை வாசித்துச் சபையின் அதிகாரபூர்வமான நடவடிக்கைக் குறிப்பிலும் சேர்க்கச் செய்தார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஜாலியன்வாலாபாகில் நடந்த படுகொலையின் முழு விவரம், சுட உத்தரவிட்ட டயர் தம் வாயாலேயே விசாரணைக் குழுவின்முன் சொன்ன பிறகு, அதாவது ஏறக்குறைய எட்டு மாதங்கள் கழித்துத்தான் இங்கிலாந்தின் பொதுஜனங்களை எட்டிற்று என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசம் அடித்தவர்களின் கருணையிலோ அடிபட்டவர்களின் தைரியத்திலோ இல்லை என்பது விளங்கும். தராசனா சம்பவத்தின்போது, லண்டனுக்குக் கட்டுப்படாத ஒரு ஸ்தாபனம் தன் ஆளுக்குச் சம்பளமும் ரயில் செலவும் தந்திக் கட்டணமும் கொடுத்து அந்த உப்பளத்தின் ஓரத்தில் நிறுத்தியிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பணமும் இந்தியர் கொடுத்ததல்ல. அமெரிக்கப் பத்திரிகைகள் கட்டிய சந்தா அது.

சர்வதேசச் செய்திகளைப் பற்றி நம்மிடையே நடக்கும் சர்ச்சைகளில், மேல்நாட்டார் நம்மைத் திரித்துக் காட்டுகிறார்கள், ஏழை நாடுகளின் பஞ்சத்தையும் கலகத்தையும் மட்டுமே எழுதுகிறார்கள் என்ற புகார் ஒரு தலைமுறைக்கு மேலாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது. புகாரில் உண்மை உண்டு. ஆனால் அதைச் சொல்கிற நாம், நம் பத்திரிகையின் உலகப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு வரிக்கும் முதலில் பணம் கொடுத்தவர் யார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காதவரை புகாருக்கு முடிவில்லை என்பதே நான் சொல்ல விரும்புவது.

செய்தி வியாபாரத்தின் பூர்வ கதையே பணத்தின் கதைதான். 1835-ல் பாரிஸ் நகரத்தில் சார்ல் ஹவாஸ் என்பவர், அயல்நாட்டுப் பத்திரிகைகளை மொழிபெயர்த்து விற்பதற்காக ஒரு காரியாலயம் தொடங்கினார். அவரிடம் வேலை பார்த்த இருவர் பிற்பாடு பிரிந்துபோய்த் தத்தமக்கென்று ஸ்தாபனங்களை அமைத்துக்கொண்டார்கள். பெர்லினில் 1849-ல் தொடங்கியவர் பெர்ன்ஹார்டு வுல்ஃப். மற்றவர் பால் ஜூலியஸ் ராய்ட்டர். பெர்லினிலிருந்து ஆஹென் வரையிலும் ஒரு தந்திக் கம்பி, பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வரையிலும் ஒரு தந்திக் கம்பி இருக்க, ஆஹெனுக்கும் பிரஸ்ஸல்ஸுக்கும் நடுவே கம்பியில்லாத இடைவெளி ஒன்று 1850-ல் எஞ்சியிருந்ததைக் கண்ட ராய்ட்டர், அந்த இடைவெளியைப் புறாக்களைக்கொண்டு நிரப்பினார். ரயில் ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் தூரத்தைப் புறா இரண்டு மணி நேரத்தில் கடந்தது. அவை சுமந்து சென்றது பங்குச் சந்தை விலைகளை. யுத்தச் செய்தியும் ராஜீயச் செய்தியும் அந்த வியாபாரத்தின் பின்னால் வந்து சேர்ந்த சரக்குகள். மறு ஆண்டு ராய்ட்டர் லண்டனில் கடை திறந்தார். சில வாரங்களில் டோவருக்கும் கலேவுக்கும் இடையே கடலடிக் கம்பி இயங்கத் தொடங்கியது.

இந்தப் பிறப்பை வெட்கத்துக்குரியதாக நான் கருதவில்லை. 2018-ல் ராய்ட்டரின் தாய் நிறுவனம் தன்னுடைய நிதித் தகவல் வியாபாரத்தின் பெரும்பங்கை விற்றபோது, அதை வாங்கியவர்கள் ராய்ட்டர் செய்திப் பிரிவுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 32.5 கோடி டாலர் வீதம் 30 ஆண்டுகளுக்குக் கொடுத்துவர வேண்டும் என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆகவே இன்றைக்கும் ஒரு போர்முனையில் நிற்கும் நிருபரின் படியிலும் சம்பளத்திலும், எண்ணெய் விலையை அரை நொடி முன்னதாக அறிய விரும்பும் வியாபாரியின் பணம் கலந்திருக்கிறது. வியாபாரியின் பணத்தால் யுத்தத்தின் உண்மை வெளிவருமானால் வரட்டும். அந்த வியாபாரிக்கு அக்கறையில்லாத ஊர்களின் உண்மையை யார் பணத்தால் கொண்டுவருவது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

1866-ல் ஹென்றி காலின்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்து ராய்ட்டர் கிளையைத் திறந்தார். அதற்கு முந்தின ஆண்டு அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் சுடப்பட்ட செய்தி லண்டனை எட்ட ஏறக்குறைய பன்னிரண்டு நாட்கள் பிடித்திருந்தன. அட்லாண்டிக் சமுத்திரத்தின் அடியில் நிலைத்த கம்பி அப்போது இல்லை. 1870-ல் பம்பாய்க்கும் பிரிட்டனுக்கும் இடையே கடல்வழிக் கம்பி அமைந்தது. மறு ஆண்டு நம் சென்னைக் கடற்கரையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் வரையிலும் கம்பி நீண்டது. கம்பி வந்த கையோடு பாகப்பிரிவினையும் வந்தது. 1870 ஜனவரியில் ஹவாஸ், வுல்ஃப், ராய்ட்டர் மூவரும் ஓர் உடன்படிக்கை செய்து பூமண்டலத்தைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். பிரிட்டிஷ் சாம்ராஜ்யமும் கீழ்த்திசை நாடுகளும் ராய்ட்டருக்கு. பிரான்ஸும் லத்தீன் நாடுகளும் ஹவாஸுக்கு. ஜெர்மனியும் வட ஐரோப்பாவும் ருஷ்யாவும் வுல்ஃபுக்கு. ஒருவர் எல்லைக்குள் மற்றவர் செய்தி விற்கக் கூடாது. ஒருவர் திரட்டியதை மற்றவர் வாங்கித் தம் எல்லைக்குள் விநியோகிக்க வேண்டும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஏற்பாடு நிலைத்தது. நம் நாட்டிலே கே. சி. ராய் தொடங்கிய அசோசியேட்டட் பிரஸ் ஆஃப் இந்தியாவும் கடைசியில் ராய்ட்டரின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அதற்குச் சந்தா கட்டியவர்களில் இந்திய சர்க்காரும் ஒருவர்.

1904-ல் 'சுதேசமித்திரன்' காரியாலயத்தில் உதவி ஆசிரியராக அமர்ந்த சுப்பிரமணிய பாரதியாரின் முன்னால் இருந்த வேலை, ஆங்கிலத்தில் வந்த தந்திச் செய்திகளையும் கட்டுரைகளையும் தமிழாக்குவது. ருஷ்யாவை ஜப்பான் முறியடித்த யுத்தம் அப்போதுதான் நடந்துகொண்டிருந்தது. ஆசியாவின் ஒரு மூலையில் நடந்த போரைத் தமிழன் அறிந்துகொள்ள, லண்டனில் தலைமையகம் கொண்ட ஸ்தாபனத்தின் தந்திகளையே பெரும்பாலும் நம்ப வேண்டியிருந்தது. அந்தத் தந்திகளிலிருந்து லண்டன் எதிர்பாராத உற்சாகத்தை நம்மவர் எடுத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். செய்தியைத் திரட்டுபவன் அர்த்தத்தையும் சேர்த்து அனுப்பிவிட முடியாது என்பதற்கு அது நல்ல சாட்சி. மேல்நாட்டுச் செய்தியைப் படித்ததனாலேயே நாம் அடிமைப்பட்டுப் போகிறோம் என்று புலம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்தப் பங்கீட்டால் மனம் புண்பட்டவர்கள் நாம் மட்டுமல்லர். அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் ஸ்தாபனமே நெடுங்காலம் அந்த உடன்படிக்கையில் இளைய பங்காளியாக ஒதுங்கியிருந்தது. அதன் பொது மேலாளராக இருந்த கென்ட் கூப்பர் 1942-ல் ஒரு புத்தகம் எழுதி, அமெரிக்காவைப் பற்றி உலகத்துக்குச் சொல்லும் உரிமை ராய்ட்டரிடம் இருந்ததனால், செவ்விந்தியர் கலகங்களும், தெற்கே நீக்ரோக்களைக் கும்பல் கூடிக் கொல்வதும், விசித்திரமான குற்றங்களும்தான் அமெரிக்கா என்று வெளியே தெரிந்தது என மனக்கசப்போடு முறையிட்டார். அவருடைய முயற்சியின் விளைவாக, புத்தகத்துக்கு முன்பே, 1934-ல் அந்தப் பழைய கூட்டு உடைந்தது. சரியாக இதே முறையீட்டை, நாட்டின் பெயரை மட்டும் மாற்றி, 1970-களில் ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் யுனெஸ்கோ சபையில் எழுப்பியபோது, அதை மிகவும் கடுமையாக எதிர்த்தவர்கள் அமெரிக்கர்கள். இதை ஆராய ஷான் மாக்பிரைட் தலைமையில், நம் நாட்டின் பி. ஜி. வர்கீஸும் நாவலாசிரியர் கார்சியா மார்க்கேஸும் உறுப்பினர்களாக அமைந்த கமிஷன் 1980-ல் அறிக்கை சமர்ப்பித்தது. 1984 முடிவில் அமெரிக்கா யுனெஸ்கோவை விட்டு வெளியேறிற்று. மறு ஆண்டு பிரிட்டனும் வெளியேறிற்று. செய்தி விவகாரம் ஒன்றே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் கூப்பரின் புத்தகத்தில் அந்தச் சமயத்தில் யாராவது வாஷிங்டனுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கலாம்.

ஆனால் முறையிட்டவர்கள் கண்ட பரிகாரம் நோயைவிடக் கொடியதாக இருந்தது. 1976 ஜூலையில் அணிசேரா நாடுகளின் செய்தி ஸ்தாபனங்களை ஒன்றுசேர்க்கும் மகாநாடு புது டெல்லியில் கூடிற்று. செய்தித் துறையில் காலனி ஆதிக்கம் ஒழிய வேண்டும் என்ற அந்த மகாநாட்டைத் தொடங்கி வைத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. அதே மாதத்தில், அதே நகரத்தில், நெருக்கடி நிலையின்கீழ் தணிக்கை அமலில் இருந்தது. நம் நாட்டின் நான்கு செய்தி ஸ்தாபனங்களை ஒன்றாக்கிச் 'சமாச்சார்' என்ற பெயரில் சர்க்காரின் பிடிக்குள் கொண்டுவந்திருந்தார்கள். லண்டனின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மந்திரியின் கண்ணாடியை மாட்டிக்கொள்வதுதான் விடுதலை என்றால், அந்த விடுதலை நமக்கு வேண்டாம். அணிசேரா நாடுகளின் கூட்டுக் களஞ்சியத்தின் வழியே நாட்டுக்கு நாடு பரிமாறப்பட்ட சரக்கில் பெரும்பகுதி, தலைவர்கள் அஸ்திவாரக் கல் நாட்டியதும் திட்டங்கள் வெற்றி பெற்றதும்தான். எந்த ஆசிரியரும் மனமொப்பி முதற்பக்கத்தில் போடக்கூடியதாக அது இல்லை. 'சமாச்சார்' 1978-ல் கலைக்கப்பட்டது.

சர்க்கார் பணத்தின் வாடையே படாத உத்தமர்கள் மேற்கே இருந்தார்கள் என்றும் எண்ணிவிட வேண்டாம். 1960-களின் பிற்பகுதியிலும் 1970-களிலும் பிரிட்டிஷ் அரசாங்கம், பி.பி.சி. கட்டும் சந்தாவின் பெயரால் ராய்ட்டருக்கு ரகசியமாகப் பணம் சேர்ப்பித்த செய்தி 2020-ல் ஆவணங்கள் வெளியானபோது அம்பலமாயிற்று. ஹவாஸின் வாரிசான ஏ.எஃப்.பி. ஸ்தாபனத்துக்குப் பிரெஞ்சு அரசாங்கம் இன்றும் பணம் தருகிறது, அங்கே அது பகிரங்கமான ஏற்பாடு. பகிரங்கமாகத் தருவதே எனக்கு உசிதமாகப் படுகிறது. கொடுப்பவன் யாரென்று தெரிந்தால் வாசகன் அதற்குத் தக்கபடி படித்துக்கொள்வான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, இந்தப் பெரிய ஸ்தாபனங்களின் நாணயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அநியாயமாகும். ராய்ட்டர், அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.), ஏ.எஃப்.பி. மூன்றும் அன்றாடம் அனுப்பும் செய்திகளை வருஷக்கணக்காகப் படித்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்: அவற்றில் அப்பட்டமான பொய் மிக அரிது. தவறு நேர்ந்தால் திருத்தம் தனித் தலைப்போடு வருகிறது. எதிரெதிரான கட்சியினரிடம் ஒரே சமயத்தில் விற்க வேண்டிய சரக்காதலால், யாரும் வாங்க மறுக்காதபடி அது பதமாக இருக்க வேண்டும் என்ற வியாபார நிர்ப்பந்தமே அந்த நிதானத்தை வளர்த்தது எனலாம். குறை இருக்கும் இடம் வேறு. எந்தக் கேள்வியை முதலில் கேட்பது, எந்தக் கேள்வியைக் கேட்காமலே விடுவது என்பதை, சந்தாவில் பெரும்பங்கு கட்டும் தேசங்களின் வாசகர்களுடைய அக்கறை தீர்மானிக்கிறது. காங்கோ, கியூபா, சைப்ரஸ் ஆகிய நாடுகளின் நெருக்கடிகளை நார்வேப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று கால்டுங், ரூகே என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1965-லேயே ஆராய்ந்து, வல்லரசுகளோடும் பிரமுகர்களோடும் சம்பந்தப்படாத சம்பவம் செய்தியாவது கடினம் என்று காட்டியிருக்கிறார்கள்.

2024 ஜூன் 12-ஆம் தேதி விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் என்னும் பகுதியில், தொழிலாளர் தங்கியிருந்த அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் தீப்பிடித்து ஏறக்குறைய ஐம்பது பேர் மாண்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர், எழுவர் தமிழர். சில மணி நேரத்திற்குள் செய்தி உலகெங்கும் சென்றுவிட்டது. இறந்தவர் எத்தனை பேர், எந்தெந்த தேசத்தார், மந்திரி என்ன சொன்னார் என்பவை ஒழுங்காக வந்தன. செய்தி ஸ்தாபனங்கள் தங்கள் கடமையைச் செய்தன. இரண்டு மூன்று நாட்களில் பிரேதங்களைச் சுமந்த விமானம் கொச்சியில் இறங்கியதோடு உலகத்துக்கு விஷயம் முடிந்தது. ஆனால் ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ கணவனையும் மகனையும் அந்த நாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் குடும்பத்துக்கு விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. அறைக்கு எத்தனை பேர் படுக்க வைக்கப்பட்டார்கள், அப்படிப்பட்ட கட்டடங்கள் இன்னும் எத்தனை இருக்கின்றன, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, நஷ்டஈடு யாருக்கு வந்து சேர்ந்தது என்ற கேள்விகளுக்காக லண்டனிலோ நியூயார்க்கிலோ எந்தப் பத்திரிகையும் சந்தா கட்டவில்லை. ஆகவே அங்குள்ள செய்தி மேசை அவற்றைக் கேட்கவில்லை என்று கோபித்துக்கொள்ள நமக்கு நியாயமில்லை. நம்முடைய கேள்விகளை நாம் யாரிடம், என்ன சம்பளம் கொடுத்து ஒப்படைத்தோம்?

செய்தியின் மேல்தட்டு லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் இருக்கிறது. அடித்தட்டு எப்போதும் உள்ளூரில்தான் இருக்கிறது. மேசைக்குச் செய்தி வருவதற்கு முன்னால், அந்தந்த ஊர்ப் பாஷை தெரிந்த, அந்தந்த ஊர்ப் போலீசாருக்கும் ஆயுதம் தாங்கியவர்களுக்கும் வீட்டு விலாசம் தெரிந்த ஒருவர், செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி பெறுபவராக, அதைத் திரட்டியிருப்பார். யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் அப்படிப்பட்டவர். பி.பி.சி.யின் தமிழோசைக்கும் சிங்கள சேவைக்கும் 'வீரகேசரி'க்கும் அவர் செய்தி கொடுத்துவந்தார். வெளியார் எளிதில் நுழைய முடியாத அந்த நகரத்தில் என்ன நடக்கிறதென்று உலகத்துக்குத் தெரிந்ததில் அவர் பங்கு பெரிது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி இரவு, ஊரடங்கு அமலில் இருந்த வேளையில், வீட்டில் எழுதிக்கொண்டிருந்த அவரை ஜன்னல் வழியே சுட்டுக் கொன்றார்கள். கொலையாளிகள் வீட்டுக்குள் கைக்குண்டும் வீசினார்கள்; அந்தத் தாக்குதலில் அவருடைய பெற்றோரும் காயமடைந்தார்கள். அம்மாதம் நடந்த பொதுத் தேர்தலில் நிகழ்ந்த முறைகேடுகளை அவர் வெளியிட்டிருந்தார். இன்றுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை.

2009-ல் வன்னிப் போரின் இறுதி மாதங்களில் சுயேச்சையான நிருபர்களை இலங்கை அரசாங்கம் போர்க்களத்துக்குள் அனுமதிக்கவில்லை. அக்காலத்தில் வந்த செய்திகளின் முடிவில், இதைச் சுயேச்சையாக உறுதிப்படுத்த இயலவில்லை என்ற வாக்கியம் தவறாமல் இருந்தது. நேர்மையான வாக்கியம்தான், ஆனால் நிருபரை உள்ளே விடாதவனுக்கு அதைவிட அனுகூலமான வாக்கியம் வேறு இல்லை. உள்ளே அகப்பட்டிருந்த அரசாங்க மருத்துவர்கள் சிலர் தொலைபேசியில் சொன்னவையே காயமுற்றோர் கணக்கை வெளியுலகுக்குக் கொண்டுவந்தன. போர் முடிந்ததும் அவர்கள் கைது செய்யப்பட்டு, பின்னர் பத்திரிகையாளர் கூட்டமொன்றில் நிறுத்தப்பட்டுத் தாங்கள் சொன்னதையே மறுத்துப் பேச நேர்ந்தது. பொதுமக்களில் 40,000 பேர் வரை மாண்டிருக்கக்கூடும் என்பதைத் தள்ளிவிட முடியாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல் எழுதிற்று. முப்பது கல் கடல் தாண்டி நடந்த அந்தப் பேரழிவுக்கு, ஏழு கோடித் தமிழர் வாழும் மாநிலத்தின் பத்திரிகைகள் பெரும்பாலும் பிறர் அனுப்பிய செய்தியையும் கட்சிக்காரர்களின் அறிக்கைகளையும் கொண்டே பக்கங்களை நிரப்பின. மேடைப் பேச்சுக்கு அன்று பஞ்சமே இருக்கவில்லை.

காஸாவிலும் இதே முறைதான். 2023 அக்டோபர் முதல் வெளிநாட்டு நிருபர்கள் சுதந்திரமாக உள்ளே செல்ல இஸ்ரேல் இடங்கொடுக்கவில்லை. உலகம் பார்த்த படங்களில் பெரும்பாலானவை அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் எடுத்தவை. 2025 ஜூலையில் ஏ.எஃப்.பி., ஏ.பி., ராய்ட்டர், பி.பி.சி. நான்கும் ஒன்றுகூடி, தங்களுக்காக வேலை செய்வோர் தங்கள் குடும்பத்துக்குச் சோறு போட முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்று பகிரங்க அறிக்கை விட்டன. போட்டியாளர்கள் சேர்ந்து கையொப்பமிடுவது அந்தத் தொழிலில் அபூர்வம்.

அந்த அபூர்வத்தை நம்மூரிலும் ஒருமுறை கண்டிருக்கிறோம். தமிழ் மண்ணிலிருந்து பம்பாய் சென்ற எஸ். சதானந்த், ராய்ட்டருக்கு எதிராக ஃப்ரீ பிரஸ் ஆஃப் இந்தியா என்னும் செய்தி ஸ்தாபனத்தை 1920-களில் நடத்திப் பார்த்தார். சர்க்காரின் ஜாமீன் பறிமுதல்களும் சந்தாதாரர்களின் கைவிடலும் சேர்ந்து 1935-ல் அதை மூடச் செய்தன. ஆயினும் எண்ணம் மூடப்படவில்லை. சுதந்திரம் வந்து பன்னிரண்டே நாட்களில், 1947 ஆகஸ்டு 27-ஆம் தேதி, பிரஸ் டிரஸ்ட் ஆஃப் இந்தியா பதிவு செய்யப்பட்டது, டெல்லியில் அல்ல, சென்னையில். 'ஹிந்து' கஸ்தூரி ஸ்ரீநிவாசன், 'ஆனந்த விகடன்' வாசன், 'சுதேசமித்திரன்' சி. ஆர். ஸ்ரீநிவாசன், அதே சதானந்த் ஆகியோர் அதன் பத்திரத்தில் கையொப்பமிட்டவர்களில் அடங்குவர். நாள்தோறும் ஒருவர் வாசகரை மற்றவர் இழுக்கப் பார்க்கும் பத்திரிகை முதலாளிகள், லாபம் பங்கிடாத கூட்டு ஸ்தாபனமாக அதை அமைத்து, 1949 பிப்ரவரியில் ராய்ட்டரிடமிருந்து உள்நாட்டுச் செய்தி விநியோகத்தைக் கைக்கொண்டார்கள். ராய்ட்டரிலேயே பங்காளியாகச் சேர்ந்து, 1953-ல் விலகினார்கள். உள்நாட்டைப் பொறுத்தவரை அந்த முயற்சி சித்தி பெற்றது. வெளிநாட்டைப் பொறுத்தவரை அந்நிய ஸ்தாபனங்களின் சேவையை வாங்கி விநியோகிப்பதே பெரும்பாலும் அதன் வேலையாக நின்றுபோயிற்று. ஆங்கிலப் பத்திரிகைகள் சிலவேனும் கொழும்புக்கும் வாஷிங்டனுக்கும் பீக்கிங்குக்கும் தங்கள் ஆட்களை அனுப்பின. தமிழ் நாளேடுகள் அயல்நாட்டுத் தலைநகரங்களில் முழுநேரச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் நிருபர்களை எண்ண இரண்டு கை விரல்கள் தேவைப்படுமா என்பது எனக்குச் சந்தேகம்.

செலவு தாங்காது என்பார்கள். தனித்தனியே தாங்காதுதான். 1846-ல் நியூயார்க் நகரத்தின் ஐந்து பத்திரிகைகள், மெக்சிகோ யுத்தச் செய்தியைத் தனித்தனியே தருவிக்கச் செலவு தாங்காமல் சேர்ந்ததுதான் அசோசியேட்டட் பிரஸ்; ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத ஐவர் அவர்கள். தமிழில் நான்கைந்து நாளேடுகளும் இரண்டு மூன்று தொலைக்காட்சி நிலையங்களும் கூடி, உலகம் முழுவதற்கும் வேண்டாம், கொழும்பு, யாழ்ப்பாணம், கோலாலம்பூர், சிங்கப்பூர், துபாய், குவைத் ஆகிய ஊர்களுக்கு மட்டும் பொதுவாக நிருபர்களை வைத்து, வரும் செய்தியை எல்லாரும் எடுத்துக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தால், ஒருவர் தலையில் விழும் பாரம், தேர்தல் பருவத்தில் அவர் வாங்கும் முழுப்பக்க விளம்பரங்கள் சிலவற்றின் வருமானத்துக்கு மேல் போகாது என்பது என் மதிப்பு. சர்க்கார் மானியம் ஒரு காசும் கூடாது. கட்சித் தொலைக்காட்சிகள் சேர்வதானால், செய்தியை வெட்டும் உரிமை அவர்களுக்குத் தங்கள் திரையில் மட்டுமே இருக்க வேண்டும், மூலத்தில் இருக்கக் கூடாது.

நிருபரை நியமிக்கும்போது செய்ய வேண்டிய உடன்படிக்கையையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. உள்ளூரிலிருந்து செய்தி தருபவருக்கு மாதச் சம்பளமும் ஆயுள் இன்ஷூரன்ஸும் இருக்க வேண்டும். வழக்கு வந்தால் வக்கீல் செலவு கூட்டு ஸ்தாபனத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். தம் பெயரை வெளியிடலாமா கூடாதா என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கே இருக்க வேண்டும், ஏனென்றால் அந்த ஊரிலேயே குடியிருக்கப் போகிறவர் அவர். குவைத் தீவிபத்து வழக்கு என்ன ஆயிற்று என்று நீதிமன்றத்தில் போய் விசாரித்து எழுதுவது, அப்படி நியமிக்கப்படும் முதல் ஆளுடைய முதல் வேலையாக இருக்கலாம்.